தியாகம் என்னும் திரை

யாழ்ப்பாணச் சமுதாயம் தன் பிள்ளைகளைப் பரீட்சைப் பெறுபேறுகளால் அளக்கப் பழகிய சமுதாயம். புலமைப்பரிசில் முதல் உயர்தரம் வரை, வெற்றிபெற்றோரின் படங்கள் பாடசாலை மதில்களிலும் பத்திரிகைப் பக்கங்களிலும் பொலிகின்றன. பின்தங்கியவரைப் பற்றியோ, "படிப்பில் அக்கறை இல்லை" என்ற ஒரு வாக்கியத்துடன் நம் விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த வாக்கியத்தின் பின்னே மறைக்கப்பட்டிருக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றியே இங்கு பேசவேண்டியுள்ளது.

நோயுற்ற தாயை, உறுப்பிழந்த தந்தையை, பாயிற் கிடக்கும் அம்மம்மாவைப் பராமரித்தபடியே பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் அவர்கள். விடியுமுன் எழுந்து, கிணற்றில் நீர் அள்ளி, நோயாளியைத் துடைத்து, உணவூட்டி, மருந்து கொடுத்த பின்னரே அவர்கள் புத்தகத்தைத் தொடுகின்றனர். கிளினிக் நாளில் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ வரிசையில் நிற்பவரும் அவர்களே. அன்று வரவு இடாப்பில் அவர்களுக்குக் கிடைப்பது 'வரவில்லை' என்னும் குறியொன்றே.

இந்நிலை விதியின் விளைவா? 2009 இல் முடிந்த போர் கால்களைப் பறித்தது, கணவரைப் பறித்தது, பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலம் ஆராய்ந்து எழுதியதுபோல, மனங்களையும் சிதைத்தது. 1987 முதல் இயங்கிவரும் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால்களை வழங்கியது; ஆயின், கால் பொருத்தியவரின் வீட்டில் அன்றாடம் சுமை சுமப்பது யார் தோள்? பிழைப்புத் தேடி மத்திய கிழக்கு சென்ற தாய்மாரின் வீடுகளிலும், 2022 இன் பொருளாதார வீழ்ச்சியில் மருந்துக்கே அலைந்த வீடுகளிலும் அச்சுமை இளந்தோள்கள்மீதே இறங்கியது.

எல்லா வீடுகளிலும் இவ்வாறில்லை என்பதே கவனிக்கத்தக்கது. வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டில் நோயாளியைப் பார்க்கக் கூலிக்கு ஆள் அமர்த்துவர். கூலிக்கு ஆள் வைக்க இயலாத வீட்டில் மகளே அந்த ஆள். அவளுக்குக் கூலியில்லை, ஓய்வுமில்லை. ஒரு வீட்டில் விலை பெறும் அதே உழைப்பு மற்றொரு வீட்டில் 'பாசம்' என்று பெயர் பெறுகிறது. இதனை வர்க்க வேறுபாடு என்னாது வேறென்னென்பது?

"பெற்றாரைப் பேணுதல் நம் பண்பாடு, இதில் அரசுக்கும் ஆசிரியருக்கும் என்ன வேலை?" எனப் பண்பாட்டுக் காவலர் வினவுவர். பேணுதல் உயர்ந்தது என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால், சுமையைப் பகிராது சுமப்பவளைப் போற்றுவது பண்பாடாகாது. 'தியாகம்' என்னும் திரைக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் எதிர்காலம் களவாடப்படுகிறது. அதிலும் பெண்பிள்ளையின் எதிர்காலமே முதலிற் போகிறது.

அரசின் நிலை என்ன? 2000 ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றாரைப் பராமரித்தல் பிள்ளைகளின் கடமை என்கிறது. 2016 முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். 2023 இல் தொடங்கிய அசுவெசும திட்டம் வலுவிழந்தோருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் முதியோருக்கும் கொடுப்பனவு தருகிறது. இவற்றுள் எதன் கண்ணிலும், பராமரிக்கும் சிறுவர் என்றொரு பிரிவினர் தென்படவில்லை!

இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டின் சட்டம், இத்தகைய சிறுவரின் தேவைகளைக் கண்டறிவதை உள்ளூராட்சி அமைப்புகளின் கடமையாக்கியது. 2023 முதல் பாடசாலைக் கணக்கெடுப்பிலும் அவர்கள் பதிவாகின்றனர். அவ்வுரிமை தானே கனியவில்லை. பராமரிப்போர் இயக்கமாகத் திரண்டு கேட்டனர். 1991 இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்ற இலங்கை, கல்வியும் ஓய்வும் ஒவ்வொரு சிறுவரின் உரிமை என ஒப்புக்கொண்ட நாடன்றோ?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு பாடசாலையும் இப்பிள்ளைகளை, அவர்தம் மானம் கெடாதவாறு, இனங்காண வேண்டும். நோயாளியுடன் வைத்தியசாலை சென்ற நாளைக் குற்றமாகக் கொள்ளாத வரவு விதியும், தவறிய பாடத்தை மீளக் கற்பிக்கும் ஏற்பாடும் வேண்டும். பிரதேச செயலகச் சிறுவர் உத்தியோகத்தரும் குடும்பநல உத்தியோகத்தரும் அவ்வீடுகளின் படியேற வேண்டும். பராமரிப்புக்கென உதவித்தொகையும், பகலில் நோயாளியைப் பார்க்கப் பயிற்சிபெற்ற ஊழியரும் வேண்டும்.

ஆசிரியர்களே, இதற்குச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிந்தி வந்த பிள்ளையை வாசலில் நிறுத்துமுன், "வீட்டில் யாருக்குச் சுகமில்லை?" என்று கேளுங்கள். மாணவர்களே, உங்கள் பக்கத்து வாங்கு அடிக்கடி வெறுமையாவது ஏன் என்று அறிந்து, அன்றைய பாடக்குறிப்பை அவ்வீட்டிற்குக் கொண்டுசெல்லுங்கள். 1945 இல் கன்னங்கரா பெற்றுத்தந்த இலவசக் கல்வியின் கதவு திறந்தே இருக்கிறது. கையிற் சுமையோடு நிற்பவள் அதனுள் நுழைய, சுமையை வாங்கிக்கொள்ள வேறு கைகள் வேண்டும். அவை சமுதாயத்தின் கைகளாக இருக்கட்டும்.