கிதாருக்கு மேடை, பறைக்குப் பாடையா?

நம்ம ஊரில் இங்கிலீஷ் பாட்டுக் கேட்கிற படித்த வர்க்கத்துக்கு ஒரு விசேச குணம் உண்டு. வலி தூரத்தில் இருக்க வேண்டும். இருந்தால் உருகிவிடுவார்கள். ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கறுப்பினக் கலைஞர் கிதாரைப் பிடித்து அழுதால் இவர்களுக்கும் கண்ணில் தண்ணி வரும். பக்கத்துத் தெருவில் ஒருத்தர் பறையைத் தீயில் காய்ச்சினால் மட்டும், 'எவன் வீட்டுல சாவு?' என்று கேட்டுவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

2025 சூலை 30ஆம் தேதி பட்டி கய் என்கிற புளூஸ் கிதார் கலைஞர் ஒரு புதிய இசைத்தட்டை வெளியிட்டார். அன்றைக்கு அவருக்கு 89ஆவது பிறந்தநாள். தட்டின் பெயர் 'எய்ன்ட் டன் வித் த புளூஸ்'. புளூஸோடு எனக்குள்ள பாடு இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். அதே ஆண்டு வந்த 'சின்னர்ஸ்' படத்தின் கடைசியில் வயசான பாடகராக வந்து நிற்பவரும் அவர்தான். அவரோடு எனக்கு எந்தத் தகராறும் இல்லை. கேட்டேன், ரசித்தேன். என்னுடைய தகராறெல்லாம் அவருக்குக் கைதட்டுகிற நம்மாட்களோடுதான்.

யார் இந்தப் பட்டி கய்? 1936இல் லூசியானா மாநிலத்தில் லெட்ஸ்வொர்த் என்கிற சிற்றூரில் பிறந்தவர். அப்பனும் ஆத்தாளும் வெள்ளைக்கார முதலாளியின் நிலத்தில் வாரத்துக்குப் பாடுபட்டவர்கள். பிள்ளையும் பருத்தி பொறுக்கியது. கிதார் வாங்கக் காசில்லாமல், சன்னல் கொசுவலைக் கம்பியைப் பிடுங்கிக் கட்டையில் கட்டி வாசித்துப் பழகியது. வளர்ந்தபின் பேட்டன் ரூஜில் பல்கலைக்கழகத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. 1957இல் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். அங்கே மட்டி வாட்டர்ஸ் போன்ற பெரியவர்களின் அரவணைப்பு கிடைத்தது. செஸ் என்கிற இசைத்தட்டு நிறுவனம் அவரைப் பெரும்பாலும் மற்றவர்களுக்குப் பின்னால் வாசிக்கவே வைத்துக்கொண்டது. அவருடைய சொந்த வாசிப்பு முதலாளி லெனார்ட் செஸ்ஸின் காதுக்கு வெறும் இரைச்சல். வயிற்றுப்பாட்டுக்காகப் பழுதான கார்களை இழுத்துச் செல்லும் லாரி ஓட்டினார் பட்டி கய்.

அந்த இரைச்சலைத்தான் இங்கிலாந்துப் பையன்கள் கற்றுக்கொண்டு போய் உலகப் பணக்காரர்கள் ஆனார்கள். அதற்குப் பிறகு செஸ் தன்னைக் கூப்பிட்டு, குனிந்து நின்று, 'என்னை ஓர் உதை விடு, இத்தனை நாளாய் நீ வாசித்துக் காட்டியது இதைத்தானே' என்ற பொருளில் சொன்னதாகப் பட்டி கய் பேட்டிகளில் சொல்லுவார். அப்படியும் அவருக்கென்று நேரம் வர 1991 ஆயிற்று. 55 வயதில் வெளிவந்த 'டாம் ரைட், ஐ'வ் காட் த புளூஸ்' அவரைத் தூக்கி நிறுத்தியது. பிறகு பல கிராமி விருதுகள், 2012இல் கென்னடி மையத்தின் கௌரவம், அதே ஆண்டு வெள்ளை மாளிகையில் சனாதிபதி ஒபாமாவையே பாட வைத்த கச்சேரி.

இதையெல்லாம் நான் ஆண்டு போட்டு எழுத முடிகிறது பாருங்கள், கவனிக்க வேண்டியது அதைத்தான். இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டவரின் வரலாறும் தட்டாகப் பதிவாகி, உறையில் பெயரோடும் ஆண்டோடும் இருக்கிறது. ஏமாற்றியவன் கூட ஏமாற்றியதற்குச் சாட்சி வைத்துவிட்டுப் போனான்.

2011இல் இந்தப் பட்டி கய் மும்பைக்கு வந்தார். பாந்த்ராவில் மெகபூப் ஸ்டுடியோவில் மகிந்திரா நிறுவனம் நடத்திய முதல் புளூஸ் திருவிழா. கனவான்களும் சீமாட்டிகளும் டிக்கெட் வாங்கிப் போய் ஒடுக்கப்பட்டவரின் இசையை ரசித்தார்கள். அதே மும்பையில்தான் 1972இல் நாம்தேவ் தசாலும் ராஜா தாலேயும் ஜே.வி. பவாரும் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைக் கட்டினார்கள். அதற்கும் முன்னால் 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டது கோபத்தை. இவர்கள் வாங்கிக்கொண்டது ராகத்தை மட்டும். கோபத்தை வடிகட்டிவிட்டால் எந்த இசையும் சீமான் வீட்டுக் கூடத்துக்கு ஏற்றதாக ஆகிவிடும்.

'அப்படியானால் புளூஸ் மாதிரியே பறையும் மேடையேறட்டுமே, வேண்டாமென்று யார் சொன்னது?' என்று கேட்பார்கள். அவ்வளவு சுலபமில்லை அய்யா. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கொட்டடித்துக்கொண்டு கலகம் செய்தார்கள். மறு ஆண்டே வெள்ளையன் சட்டம் போட்டான்: அடிமைகள் கையில் கொட்டோ கொம்போ இருக்கக் கூடாது. ஏன்? கொட்டுச் சத்தம் ஆளைக் கூட்டும் என்று அவனுக்குப் பயம். இங்கே நம்ம சாதி இந்து என்ன செய்தான்? கொட்டைப் பிடுங்கவில்லை. கையில் திணித்தான். 'என் வீட்டுப் பொணத்துக்கு நீ அடி, என் சாமிக்கு நீ சாட்டு, ஆனா பந்தலுக்குள்ள வராத' என்றான். அங்கே கொட்டைப் பறித்து அடிமையாக்கினார்கள், இங்கே கொட்டடிக்க வைத்து அடிமையாக்கினார்கள். ஆகவே பறையை விட்டெறிவதும் இங்கே விடுதலைதான். ஊரில் 'இனிமேல் சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று சொல்லி அடிபட்ட நம் சனங்கள் கலையை அழித்தவர்கள் இல்லை. வேலை நிறுத்தம் செய்தவர்கள்.

மணப்பாறை என்றதும் எல்லாரும் முறுக்கைச் சொல்வார்கள், மாட்டைச் சொல்வார்கள். முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோசம். மாட்டுக்குச் சினிமாப் பாட்டிலேயே இடம் உண்டு. அந்த மாடு செத்தால் தூக்கியவர் யார், தோலை உரித்தவர் யார், அந்தத் தோலை மூன்று துண்டுக் கட்டையில் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டி நாதமாக்கியவர் யார் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. என் பெரியப்பா இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நாப்பது வருசம் பறையடித்தவர். இடது கையில் சிண்டுக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி. ஒத்தையடி, சப்பரத்து அடி, சாமிச்சாட்டு, மாரடி, மருள் அடி என்று அடுக்கிக்கொண்டே போவார். எந்த அடியிலிருந்து எந்த அடிக்கு எப்படித் தாவுவது என்பதை அவர் கைதான் சொல்லும், வாயால் சொல்ல வராது. கூலி? களத்துமேட்டில் அளந்து போட்ட நெல், ஒரு துண்டு, ஊற்றிக் கொடுத்த சாராயம். நாப்பது வருச இசை வாழ்க்கைக்கு ஒரே ஒரு நிமிடப் பதிவு கூட இல்லாமல் செத்துப் போனார். இதுமாதிரி ஊருக்கு ஒருத்தரை நீங்களும் சொல்வீர்கள்.

சபா மேடைக்குப் போனால் மட்டும் தோல் தீட்டு ஓடிப் போகிறது. மிருதங்கத்தில் இருப்பதும் மாட்டுத் தோல்தான். 2020இல் டி.எம். கிருஷ்ணா, மிருதங்கம் செய்கிற செபாஸ்டியன் குடும்பத்தாரைப் பற்றியும் அவர்களைப் போன்றவர்களைப் பற்றியும் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அனுமதியைக் கலாசேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் உள்ளே வரலாம், தோலைப் பதம் பார்த்தவர் பெயர் உள்ளே வரக் கூடாது!

தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களுக்கு வருகிறேன். 'பறை ஆதித்தமிழன் இசைக்கருவி, சங்க இலக்கியத்திலேயே இருக்கு' என்பார்கள். இருக்கிறது, நானும் தமிழ் எம்.ஏ. படித்தவன்தான். புறநானூற்றில் துடியனோடும் பாணனோடும் கடம்பனோடும் பறையனையும் ஒரு குடியாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் குடியின் பிள்ளைக்கு இன்றைக்கு ஊர்த் தெருவில் வாடகை வீடு தருவீர்களா என்பதுதான் என் கேள்வி. ஒரு கல்லூரியின் தமிழ் விழாவுக்கு எங்கள் பையன்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் வரவேற்பு ஆட்டம் முடிந்தது. சிறப்பு விருந்தினரோடு பேராசிரியர்கள் உள்ளே இலை போட்டுச் சாப்பிட, இவர்களுக்குப் பொட்டலம் வந்தது, சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு. ஆதித்தமிழனின் இடம் அதுதான் போலிருக்கிறது.

ஆய்வாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். அடிவகைகளைச் சொல்லிக் கொடுத்த ஆசானின் பெயர் பின்னிணைப்பில் 'தகவலாளி' என்ற தலைப்பின் கீழ் வயசோடு இருக்கும். அட்டையில் ஆய்வாளர் பெயர். கடலை வாங்கப் போனால் முகவரி கேட்கிறவன், கலையை வாங்கும்போது கேட்பதில்லை.

நமக்குள்ளேயும் ஒரு சண்டை உண்டு. பறையைக் கொளுத்து என்பது ஒரு கட்சி, கையில் எடு என்பது இன்னொரு கட்சி. புளூஸுக்கும் இது நடந்திருக்கிறது. தேவாலயத்துக்குப் போகிற கறுப்பர்கள் அதைப் பிசாசின் இசை என்றார்கள், அறுபதுகளில் இளைஞர்கள் பலர் அடிமைக்கால ஞாபகம் என்று ஒதுங்கினார்கள். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. சாதி சொல்லி அடிக்க வைத்தால் எறிய வேண்டும். நாமாக அடித்தால் அது ஆயுதம். இளையாங்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் போய், இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டைச் சனங்களின் பாட்டாக்கினார். அந்தக் குரல் கேசட் கேசட்டாகக் கைமாறிச் சேரிகளுக்குள் போயிற்று. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள். 2018இல் சென்னையில் பா. இரஞ்சித் முயற்சியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது பறையும் கானாவும் கிதாரும் ஒன்றாக நின்றன. இங்கெல்லாம் பறை யார் வீட்டுப் பொணத்துக்கும் காத்திருக்கவில்லை.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மசிறீ அறிவிக்கப்பட்டது. பறையை உயிராக நினைத்துப் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தவர். நம் சனங்கள் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டும். ஆனால் ஒருத்தர் நெஞ்சில் பதக்கம் குத்திவிட்டு ஆயிரம் பேரைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தி வைத்தால் அதற்குப் பேர் மரியாதை இல்லை, சமாளிப்பு.

அப்ப என்னதான் வேணும் என்கிறீர்களா? சொல்கிறேன். சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொல்கிறவர் மேல் ஊர் கை வைத்தால் வழக்குப் போட வேண்டும். செத்த மாடு தூக்க வைப்பதும் குழி வெட்ட வைப்பதும் குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் வந்ததே, பறையடிக்கக் கட்டாயப்படுத்துவதையும் அதே வரிசையில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். மேடைக்குக் கூப்பிட்டால், மற்ற வித்துவான்களுக்குப் பேசுவதுபோலக் கூலியை முன்கூட்டிப் பேசி, உள்ளே உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். சினிமாவில் பறை வாசித்தால் வாசித்தவர் பெயர் வர வேண்டும். நிகழ்த்துகிற கலைஞருக்கும் வருமானத்தில் பங்கு உண்டு என்று 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தச் சட்டத்தை நம் பையன்களிடம் யார் சொன்னது?

கடைசியாக, நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டிய வேலை. இதைப் படிக்கிற மாணவத் தோழர்களே, உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. உங்கள் ஊர் ஆசானிடம் போங்கள். முழு அடியையும் பதிவு செய்யுங்கள். அவர் பேரைப் போடுங்கள், ஊரைப் போடுங்கள், ஆண்டைப் போடுங்கள். 'தகவலாளி' என்று போடாதீர்கள், 'கலைஞர்' என்று போடுங்கள். பட்டி கய் 89 வயதில் 'இன்னும் தீரவில்லை' என்று சொல்ல முடிவது, முன்னால் தொடங்கியது எழுத்தில் இருப்பதால்தான். நம் ஆசான்மார்களுக்கு இனிமேல்தான் முதல் தட்டே வர வேண்டும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே வர வேண்டும்.