விளக்கின் நோக்கும் அரிசி மூட்டையும்

சென்ற மாசி மாதத்தில், அறுவடை முடிந்த கையோடு மூன்று மூட்டை புத்தரிசியைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் புறப்பட்டோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, மாங்குளத்தைத் தாண்டியபோது நன்றாக இருட்டிவிட்டது. எதிரே சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் திடீரெனத் தடுமாறி, வீதியோரப் பள்ளத்தில் சைக்கிளோடு சரிந்தார். தெய்வாதீனமாக முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். ஓடிச்சென்று தூக்கிய நாம், "டிம் போட்டுத்தானே வந்தோம், ஐயா" என்று நியாயம் பேசினோம்.

"தம்பி, உங்கட வெளிச்சம் றோட்டில இல்லை, என்ர கண்ணிலைதான் இருந்தது" என்றார் அவர்.

எமக்கு வெட்கமும் வியப்பும் ஒருங்கே உண்டாயின. விளக்கின் நோக்கை இரு மாதங்களுக்கு முன்னர் எம் கையாலேயே சரிபார்த்திருந்தோமே!

அவ்வாறு பார்ப்பது வீட்டில் எவரும் செய்யக்கூடியதே. மதிலொன்றின் முன் சமதரை வேண்டும். அது கிடைப்பதுதான் அருமை. அரிசி ஆலைகளின் நெல் உலர்த்தும் தளங்கூட மழைநீர் வடியச் சற்றே சரிந்திருக்கும். ஒரு செம்பு நீரை ஊற்றி, ஓடுகிறதா என்று பாருங்கள். ரயர்களில் காற்றும் அளவாக இருத்தல் வேண்டும். காரை மதிலோடு நெருக்கி நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் நடுவுக்கும் நேரே சோக்கட்டியால் குறியிடுங்கள். பின் நேராக 25 அடி பின்னே எடுத்து, ஒருவரை ஓட்டுநர் ஆசனத்தில் இருத்தி, டிம் ஒளியைப் போடுங்கள். மதிலில் விழும் ஒளியின் மேல்விளிம்பு, குறிகளுக்கு ஏறத்தாழ 3 அங்குலம் கீழே நிற்க வேண்டும். மாறியிருப்பின், விளக்கின் பின்னுள்ள திருகாணியைத் திருப்புளியால் சிறிது சிறிதாகத் திருப்புக. இடப்பக்கத்தில் விளிம்பு சற்று உயர்ந்திருப்பது குற்றமன்று. வீதியின் இடவோரத்தைக் காட்டவே அவ்வாறு அமைத்துள்ளார்கள். யப்பானிலும் இடப்பக்கமே ஓட்டுவதால், அங்கிருந்து வரும் கார்களுக்கும் இது பொருந்தும்.

தரையிலிருந்து 26 அங்குல உயரத்திலுள்ள விளக்கின் ஒளி, இந்த அளவில் ஏறத்தாழ 215 அடி தூரம் செல்லும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அத்தூரத்தைக் கடக்க நான்கு விநாடி போதும். எதிர்வருபவருக்கு அஞ்சி விளிம்பை 6 அங்குலம் இறக்கினால், எஞ்சுவது இரண்டே விநாடி. வீதியிற் படுத்திருக்கும் மாட்டையோ, பின்விளக்கின்றிச் செல்லும் உழவு இயந்திரப் பெட்டியையோ கண்டு பிரேக் பிடிக்க இது போதுமா? 2009இல் போர் முடிந்தபின் கண்டி வீதி செப்பனிடப்பெற்று வழவழப்பாயிற்று; வேகமும் கூடிற்று. மாடுகள் மட்டும் பழைய மாடுகளே.

இனி, எம் பிழைக்கு வருவோம். நாம் சரிபார்த்தது வெறுங்கார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 100 அங்குலமுள்ள காரின் பின்புறம் ஓர் அங்குலம் தாழ்ந்தாலே, மதிலில் நாம் வைத்த 3 அங்குல இறக்கம் முழுவதும் அழிந்துவிடும். மூன்று மூட்டையோ அதற்கு மேலும் தாழ்த்திவிட்டது. வன்னிக்கு வந்து வெறுங்கையோடு திரும்பும் கார் எது? அரிசி இல்லையேல் தேங்காய். இரண்டும் இல்லையேல் பின்னாசனத்தில் மூன்று மாமிமார்.

இதற்கெனப் பல கார்களில் ஓட்டுநர் முன்னே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு குமிழொன்று உண்டு. எண் கூடக் கூட ஒளி தாழும். எமது காரிலும் அது இருந்தது. ஐந்து வருடமாக நாம் அதைத் தொட்டதில்லை. குமிழ் இல்லாதோர் மூட்டைகளைப் பின்பெட்டியில் அடுக்காது, முன்னாசனத்தின் பின்னே தரையில் வைத்தால் பாரம் பின்சக்கரத்தின்மேல் அவ்வளவாக இராது.

அன்றிரவு குமிழை 2க்குத் திருப்பி மெதுவாக வவுனியா சேர்ந்தோம். மூட்டைகளை இறக்கிய நாம், குமிழை மறந்துவிட்டோம். மறுநாள் இரவு திரும்புகையில், புளியங்குளம் வரை வீதி ஏன் இவ்வளவு குறுகிக் கிடக்கிறதென்று யோசித்தபடியே ஓட்டினோம்.