தவளைக்கும் ஓர் அறை வேண்டும்: எங்கள் கொள்கைப் பிரகடனம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழும் நாங்கள், அம்மலையின் தவளைகளுக்காக இன்று ஓர் இயக்கமாகத் திரள்கிறோம். உலகின் இருவாழ்வி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு அழியும் ஆபத்தில் இருக்கின்றன. பறவைகள், பாலூட்டிகளின் நிலைகூட இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் உயிரியல் பூங்கா என்றதும் நமக்குப் புலியும் யானையும்தான் நினைவுக்கு வருகின்றன. தவளையைத் தேடிப் போகிறவர் யார்?

பூங்காவால் ஒரு தவளை இனத்தைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்குத் தான்சானியாவைக் காட்டுகிறோம். அங்கே உட்சுங்வா மலையில், கிஹான்ஸி அருவியின் சாரல் நனைக்கும் சில ஏக்கர் நிலத்தில் மட்டும் ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் தேரை வாழ்ந்தது. முட்டையிடாமல் குட்டி போடும் தேரை அது. 1996-இல்தான் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. சில ஆண்டுகளிலேயே மேலே அணை எழுந்தது. ஆற்றுநீரில் பெரும்பகுதி மின் உற்பத்திக்குப் போனது, சாரல் வற்றியது. 2000-இன் இறுதியில் 499 தேரைகளைப் பிடித்து அமெரிக்கப் பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். அங்கும் பெரும்பாலானவை மடிந்தன. பிராங்ஸ், டொலீடோ பூங்காக்களின் பராமரிப்பாளர்கள் விடவில்லை. ஈரம், ஒளி, இரை என ஒவ்வொன்றாகச் சரிசெய்து, எஞ்சிய சிலவற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் பெருக்கினார்கள். இதற்கிடையே பள்ளத்தாக்கில் பூஞ்சை நோயும் தாக்க, 2009-இல் அந்த இனம் இயற்கையில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2012-இல் பூங்கா வளர்ப்பில் பெருகிய தேரைகள் அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பின. அந்த 499-ஐ அன்று எடுத்திராவிட்டால், திருப்பி விட ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

ஆனால் திரும்பிய தேரைகளுக்கு அருவியின் பழைய சாரல் கிடைக்கவில்லை. குழாய் வழியே தெளிக்கும் நீரில்தான் அவை விடப்பட்டன. ஆகவே உறுதியாகச் சொல்கிறோம்: இனம் பூங்காவில் பத்திரமாக இருக்கிறது என்ற சாக்கில் ஓர் ஓடையைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம்.

மயோர்க்கா தீவின் தேரையும் எங்களுக்குப் பாடம். ஜெர்சி பூங்காவில் பெருக்கி, 1989 முதல் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். எண்ணிக்கை கூடியது. ஆனால் பூங்காவில் வேறு கண்டத்துத் தவளைகளிடமிருந்து தொற்றிய கொல்லும் பூஞ்சையும் கூடவே போய்ச் சேர்ந்தது. அன்று அந்தப் பூஞ்சையை அறிவியலே அறிந்திருக்கவில்லை. இன்று அறிவோம், இனி அதே தவறு நடந்தால் அது குற்றம். ஒவ்வோர் இனத்துக்கும் தனி அறை, தனிக் கருவிகள், கிருமி நீக்கிய பிறகே வெளியேறும் கழிவுநீர். இதில் எந்தத் தளர்வையும் ஏற்க மாட்டோம்.

ஆனைமுடியைச் சுற்றிய சிறு புல்வெளியில் மட்டும் வாழும் செந்நிறப் புதர்த்தவளை 2010-இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. ஒரு காட்டுத்தீயோ ஒரு நோயோ போதும், அது இல்லாமல் போக. கடைசிச் சில தவளைகள் மிஞ்சிய பிறகு அறை தேடக் கூடாது. தமிழ்நாடு, கேரளப் பூங்காக்கள் இப்போதே அறைகளைக் கட்டட்டும். ஆபத்தில்லாத இனங்களை வளர்த்துப் பராமரிப்பாளர்கள் கைபழகட்டும். எந்த ஓடையில் எது கத்துகிறது என்பது அம்மலையில் வாழும் முதுவர், காடர் மக்களுக்குத் தெரியும். கணக்கெடுப்பில் அவர்களுக்கு ஊதியமும் வேண்டும், அறிக்கையில் பெயரும் வேண்டும். அனுமதியின்றி எங்களில் எவரும் ஒரு தவளையையும் பிடிக்க மாட்டோம்.

மாணவர்களே, தோட்டத் தொழிலாளர்களே, பூங்கா ஊழியர்களே, எங்களோடு சேருங்கள். அடுத்த முறை பூங்காவுக்குப் போகும்போது, இங்கே தவளைக்கு அறை உண்டா என்று அதன் இயக்குநருக்கு எழுதிக் கேளுங்கள்.