டாக்டர் பட்டத்துக்கு எத்தனை வாசல்?

மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூட்டம் முடிந்து நாம் திரும்பும்போது, சிறு மளிகைக் கடை வைத்து ஜீவிக்கும் தோழர் ஒருவர் நம்மை வழிமறித்தார். அவருடைய மகள் அரசினர் கல்லூரியில் விலங்கியல் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கின்றாளாம். “அய்யா, ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்கின்றாள். எவ்வளவு பணம் கட்ட வேண்டியிருக்கும்? கடையை அடமானம் வைத்தால் போதுமா?” என்று கேட்டார்.

இதைக் கேட்டதும் நமக்கு அவரிடம் இரக்கமும் இந்த நாட்டுப் படிப்பு முறையிடம் கோபமும் ஒருங்கே வந்தன. எந்தப் படிப்புக்காக அவர் கடையை அடமானம் வைக்கத் துணிந்தாரோ, அந்தப் படிப்புக்குச் சர்க்காரே பணம் கொடுக்கின்றது. சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் என்கின்ற பரீட்சை வருஷத்துக்கு இரண்டு தடவை நடப்பது. உயிரியலுக்கு அதில் தனிப்பாடம் உண்டு. அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் தரத்தில் தேறி ஆராய்ச்சியில் சேர்ந்தவருக்கு, 2023 ஜனவரி முதல் ஏற்பட்ட விகிதப்படி, மாதம் ரூ.37,000 உபகாரச் சம்பளம்; இரண்டு வருஷம் கழிந்தால் ரூ.42,000, வீட்டு வாடகைப் படி வேறு. அவருடைய கடை வருமானத்தைவிட இது அதிகம் என்று அவரே சொன்னார். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. இந்தத் தரம் கிடைக்காமல், சர்வகலாசாலை வைக்கும் தனிப் பரீட்சையில் தேறிச் சேருகின்றவர்களில் பலருக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. அவர்கள்தான் கட்டணம் கட்ட வேண்டும்.

இது ஒரு வாசல். கேட் பரீட்சை எழுதி ஐ.ஐ.டி.க்களுக்குள் போவது மற்றொன்று. மூன்று வருஷ பி.எஸ்ஸி.யோடு ஜாம் பரீட்சை எழுதினால், பெங்களூரு இந்திய விஞ்ஞான நிலையத்தில் முதுநிலைப் பட்டமும் டாக்டர் பட்டமும் சேர்ந்த படிப்புக்கே மனுப்போடலாம். 2022-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிப்படி, நான்கு வருஷ இளநிலைப் படிப்பில் 75 சதவிகிதம் வாங்கியவர் எம்.எஸ்ஸி. படிக்காமலே மனுப்போடலாம், பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு இதில் 5 சதவிகிதம் சலுகை. எம்.ஃபில். படிப்பை அதே விதி ஒழித்துவிட்டது. வெளிநாடுகளிலோ சங்கதியே வேறு. அமெரிக்காவில் முதல் வருஷம் இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்களில் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு, யாரிடம் ஆராய்ச்சி செய்வது என்று மாணவனே பார்த்துக்கொள்ளலாம். நம் நாட்டில் வழிகாட்டியின் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகின்ற பிள்ளைகளுக்கு இது அதிசயமாக இருக்கும். ஜப்பானில் சர்வகலாசாலையில் சேர்ந்து படிக்காமலே ஆராய்ச்சி நூலை எழுதிக் கொடுத்துப் பட்டம் பெறும் வழியும் உண்டு.

இவ்வளவு வாசல் இருந்தும் அந்தத் தோழருக்கு ஒன்றுமே தெரியாததற்குக் காரணம் என்ன? அவர் தகப்பனார் படிக்கவில்லை, பாட்டனார் படிக்கவில்லை என்பதுதான். தலைமுறை தலைமுறையாகப் படித்த வீட்டில், எந்தப் பரீட்சை எந்த மாதம், எந்தப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதுவது, கோடை விடுமுறையில் எந்த ஆய்வுக்கூடத்தில் சம்பளமில்லாமல் இரண்டு மாதம் இருந்து பழகுவது என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாக இருக்கின்றது. நம் தோழர் வீட்டிலோ ஜோசியரிடம் போயிருக்கின்றார்கள். அந்த ஜோசியருக்குச் செல் என்றால் கைப்பேசி ஒன்றுதான் தெரியும்!

பரீட்சையில் தேறினாலும் முடிந்துவிடவில்லை. சர்வகலாசாலைச் சேர்க்கையில் எழுத்துக்கு 70 என்றால் நேர்முகத்துக்கு 30. ஜே.ஆர்.எஃப். வாங்கியவரோ நேர்முகத்தை வைத்தே எடுக்கப்படுகின்றார். அந்த அறையில், “உன் தகப்பனார் என்ன செய்கின்றார்?” என்று தங்களைக் கேட்டதாக நம்மிடம் சொன்ன பிள்ளைகள் உண்டு. தவளையின் இருதயத்துக்கும் தகப்பனாரின் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்கு விளங்கவில்லை.

தகுதி, திறமை என்று கூச்சலிடுவோருக்கு இரண்டு சங்கதி சொல்லுவோம். ஆப்பிரிக்கக் காட்டில் சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால் அம்மையார், 1962-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது பி.ஏ. பட்டம்கூட இல்லாதவர். லீக்கி என்ற பெரிய ஆராய்ச்சியாளர் சிபார்சு செய்தார், கதவு திறந்தது. அம்மையார் செய்த வேலையை உலகமே ஒப்புக்கொண்டது. அதில் நமக்கு ஆட்சேபணை சிறிதும் இல்லை. விதி என்பது வேண்டியவருக்கு வளையும் என்பதைத்தான் கவனிக்கச் சொல்லுகின்றோம்.

மற்றொன்று தலைச்சேரி ஜானகி அம்மாள் சங்கதி. தீயர் வகுப்பில் பிறந்து, சென்னையில் படித்து, அங்கேயே பெண்கள் கல்லூரியில் போதித்தவர். ஏழையல்ல, தகப்பனார் நீதி இலாகாவில் பெரிய உத்தியோகஸ்தர். அப்படிப்பட்டவரும் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலைக்குப் போனது பார்பர் என்ற உபகாரச் சம்பளத்தின் பேரில். அது ஆசியாக் கண்டத்துப் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட பணம். 1931-இல் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பியவர், பிறகு கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் உயிரணுக்களை ஆராய்ந்தார். ஒதுக்கிய பணத்தில் படித்ததால் அவர் மைக்ரோஸ்கோப்பில் கண்டது பொய்யாகிவிட்டதா?

இப்படியிருக்க, மத்திய கல்வி நிலையங்களில் ஒதுக்கீடு செய்வதற்கென்று வந்த 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு என்ன சொல்லுகின்றது? “உயர்ந்த” நிலையங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றுக்கு இந்தச் சட்டம் கட்டுப்படாது என்கின்றது. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், மானேசர் மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரு ஜவஹர்லால் நேரு விஞ்ஞான மையம் எல்லாம் அதில் இருக்கின்றன. டாடா நிலையத்தைச் சேர்ந்ததுதான் பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் மையம். அதே ஊர் இந்திய விஞ்ஞான நிலையத்தில் ஒதுக்கீடு உண்டு. அங்கே விஞ்ஞானம் செத்துப்போய்விடவில்லை. எல்லாம் பொது ஜனங்கள் வரிப்பணத்தில் நடப்பவை. மளிகைக் கடைக்காரர் கட்டிய வரியும் அதில் சேர்ந்ததே. அந்தப் பட்டியலை எடுத்துவிடுவதற்கு என்ன தடை என்பதை அந்நிலையங்களின் தலைவர்கள் எழுதி அனுப்பட்டும். ஓரெழுத்தும் குறைக்காமல் இந்தப் பத்திரிகையிலேயே பிரசுரிக்க நாம் தயாராயிருக்கின்றோம்.