அயலகப் பயணமும் ஒளிப்படக் கருவியும்

கடல் கடந்து சென்று பொருளீட்டுதல் காரைக்கால் மக்களுக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனுக்கும், சிங்கப்பூருக்கும், பினாங்குக்கும் கப்பலேறியோர் பலர். 1970களுக்குப் பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் மிகுந்தனர். பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட குடும்பத்தினர் இன்றும் பாரிசுக்குப் போவதும் வருவதுமாய் உள்ளனர். ஆயினும் அக்காலத்தில் கப்பலேறியோர் எவரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனதாக நாம் கேட்டதில்லை. திரும்பி வரும்போதுதான் அது உடன் வந்தது. நம் இளமையில், சிங்கப்பூரிலிருந்து வந்தவரின் பெட்டி திறக்கப்படும்போது, கோடாலித் தைலத்திற்கும் கைலிகளுக்கும் நடுவே தோலுறையிட்ட யாஷிகா ஒன்று வெளிப்படுமாயின் தெருவே அவ்வீட்டு முற்றத்தில் கூடிவிடும். 36 படம் எடுக்கத்தக்க ஒரே சுருளை மூன்று பெருநாள் வரையில் வைத்திருந்து எடுத்து முடித்த வீடுகளை நாம் அறிவோம்.

இன்று நிலைமை தலைகீழாயிற்று. போவதற்கு முன்பே கேமரா பற்றிய கவலை தொடங்கிவிடுகிறது. சென்ற திங்கள் நம் துறையில் மூன்றாமாண்டு பயிலும் மாணவர் ஒருவர் அத்தகைய கவலையோடு நம்மிடம் வந்தார். தம் சிறிய தந்தையாருடன் அவர் வியட்நாமிலுள்ள ஹோ சி மின் நகருக்கு, அதாவது பழைய சைகோனுக்கு, செல்லவிருக்கிறார். அவருடைய பூட்டனார் அங்கே துணிக்கடை வைத்திருந்தவர். கடை இருந்த தெருவைக் காணவேண்டும். அடக்கத்தலம் எஞ்சியிருக்குமாயின் ஸியாரத் செய்யவேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம். இதற்காக மாணவர் ஈராண்டுகள் மாலை வேளைகளில் கடையொன்றில் கணக்கெழுதிப் பணம் சேர்த்துள்ளார். தெரிந்தவர் ஒருவர் அவருக்குப் பரிந்துரைத்த கேமராவின் விலையோ, இரண்டு வில்லைகளோடு சேர்த்து, விமானச் சீட்டின் விலையை விஞ்சி நின்றது. "வாங்கட்டுமா சார்?" என்றார். அன்றே விடை கூற நமக்கு இயலவில்லை.

ஈண்டு ஒரு சொல்லாராய்ச்சி. தமிழாசிரியர் எழுதும் கட்டுரையில் இஃது இல்லாவிட்டால் நம் மாணவர்களே நம்மை நம்பமாட்டார்கள். புகையும் இன்றி நெருப்பும் இன்றி எடுக்கப்படும் படத்திற்குப் புகைப்படம் என்னும் பெயர் எங்ஙனமோ வேரூன்றிவிட்டது. ஒளியால் எழுதப்படுவது ஆதலின் ஒளிப்படம் என்பதே பொருத்தம். கருவியைக் கேமரா என்றே வழங்குவோம்; அச்சொல்லை அறியாத பாட்டியும் நம்மூரில் இல்லை.

இனி வினாவுக்கு வருவோம். எந்தக் கேமரா சிறந்தது என்று கேட்பதைவிட, எதைக் கொண்டுவருவதற்காகப் போகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும் என்பது நம் கருத்து. இக்கருத்து நமக்கு ஏ.கே. செட்டியாரின் வரலாற்றிலிருந்து கிடைத்தது. 1911இல் கோட்டையூரில் பிறந்த அவர் தோக்கியோவிலும் பின்னர் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலையை முறையாகப் பயின்றவர். காந்தியடிகளைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்னும் எண்ணம், 1937இல் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் செல்லுங்கால் அவருக்குத் தோன்றிற்று. அதன்பொருட்டு அவர் ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் பயணம் செய்தார். ஏறத்தாழ 50,000 அடி நீளப் படச்சுருளைத் திரட்டினார். படம் 1940இல் வெளிவந்தது.

திரட்டினார் என்னும் சொல்லை மாணவர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். அவர் கற்ற கலைக்குத் தாமே எல்லாவற்றையும் எடுத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் கடந்துபோன நிகழ்ச்சியை எந்தக் கேமராவாலும் எடுக்க இயலாது. ஆகவே பல நாடுகளில், பல காலங்களில், பிறர் எடுத்து வைத்திருந்த சுருள்களைக் கதவு கதவாகத் தட்டித் தேடிப் பெற்றார். நம் மொழியில் உலகஞ்சுற்றியவர்களுள் கேமராவை நன்கு கற்றிருந்த ஒருவர், தம் பயணத்தின் பெரும்பகுதியைப் பிறர் படங்களைத் தேடுவதில் செலவிட்டார் என்பது நம் மாணவரின் வினாவுக்கு நேரான விடையாகும் என்று நாம் கருதுகிறோம்.

எவ்வாறெனின், சைகோனில் நம்மவர் வாழ்ந்த வாழ்வும் கடந்துபோன நிகழ்ச்சியே. 1954 நவம்பர் முதல் நாள் காரைக்கால் இந்திய ஒன்றியத்தின் ஆட்சியின்கீழ் வந்தது. அதே ஆண்டில்தான் வியட்நாமிலும் பிரெஞ்சு ஆட்சி முடிவுற்றது. 1975க்குப் பின் அங்கே எஞ்சியிருந்த தமிழருள் பெரும்பாலோர் வெளியேறினர். டோங் டு தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது. மாரியம்மன் கோயிலும் உள்ளது. இவற்றின் முகப்பை எவரும் எடுக்கலாம். ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்துவிட்டனர். நம் மாணவர் எடுத்து வரவேண்டியவை வேறு. அங்கே மணம் புரிந்து அங்கேயே தங்கிவிட்டோரின் வழிவந்தவர் வீட்டுச் சுவரில் தொங்கும் பழம்படங்கள், பெட்டிக்குள் கிடக்கும் கடைக் கணக்கேடு, கடவுச்சீட்டு, கடிதம், கல்லில் வெட்டிய பெயர் ஆகியவையே அவர் தேடிச் செல்பவை. படத்தைப் படமெடுக்கும் பணி இது. தொலைவிலுள்ள பறவையைப் பிடிக்கும் நீண்ட வில்லைக்கு இங்கே வேலை இல்லை.

சுமை பற்றியும் ஒரு சொல். 1861இல் மதீனாவையும், 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் மக்காவையும் படமெடுத்த எகிப்தியப் படைப் பொறியாளர் முகம்மது சாதிக்கை நாம் நினைவுகூர்கிறோம். அக்காலத்து ஈரத்தகட்டு முறையில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, உலருமுன்னரே கழுவியும் ஆகவேண்டும். கால்மணி நேரத்துக்குள் முடியவேண்டிய வேலை. ஆகவே இருட்டறைக்கு உரிய தளவாடங்களும் மருந்துப் புட்டிகளும் கண்ணாடித் தகடுகளும் பாலைவெயிலில் உடன்சென்றாக வேண்டும். அவருக்கு வேறு வழி இல்லை. நமக்கு உண்டு. பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ அளவே இசைவு. கேமராவும் இரு வில்லைகளும் மின்னேற்றியும் அதில் இரண்டு கிலோவை விழுங்கிவிடும். உதிரி லித்தியம் மின்கலங்களைச் சரக்குப் பெட்டியில் வைக்க இசைவில்லை ஆதலின் அவற்றையும் கையிலேயே சுமக்கவேண்டும். பழைய யாஷிகாவையே கொண்டு போகலாமே என்று ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் மொழிந்தார். விமான நிலையங்களில் இப்பொழுது வைக்கப்படும் புதிய சோதனைப் பொறிகள் படச்சுருளைப் பாழாக்கவல்லவை என்பதை அவருக்கு எடுத்துரைத்தோம். மேலும் நம் கடற்காற்றின் ஈரத்தில் அந்த யாஷிகாவின் வில்லைக்குள் பூஞ்சணம் படர்ந்து பல்லாண்டு ஆயிற்று.

எனவே, மாணவர் சட்டைப்பையில் ஏற்கெனவே உள்ள கைப்பேசியே போதும் என்றோம். அவர் முகம் வாடிற்று. கைப்பேசிக்குக் குறை இல்லை என்று நாம் கூறவரவில்லை. அருகில் நின்று எடுத்தால் முகத்தின் வடிவைத் திரித்துக் காட்டும். கேளாமலே தோலை மெருகேற்றி, பெரியவரின் சுருக்கங்களை அழித்துவிடும். அந்த மெருகேற்றும் வசதியை முதலில் நிறுத்திவைத்தல் வேண்டும். சீட்டும் பணமும் வழிகாட்டும் வரைபடமும் அதனுள்ளேயே இருத்தலால், அது தொலைந்தால் எல்லாம் தொலையும் என்பது பெருங்குறை. இதற்காக நம் வீட்டு அலமாரியில் பத்தாண்டுக்கு மேலாய் உறங்கிய சிறு டிஜிட்டல் கேமரா ஒன்றை அவருக்கு இரவலாகக் கொடுத்தோம். ஒவ்வோர் இரவும் படங்களை இருவேறு இடங்களில் படியெடுத்து வைக்குமாறும் கூறினோம். செட்டியார் அரும்பாடுபட்டுச் செய்த படத்தின் தமிழ் மூலமே பின்னாளில் கிடைக்காமற் போயிற்று. சுருக்கப்பட்ட ஆங்கில வடிவத்தை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அமெரிக்காவில் தேடிக் கண்டெடுக்க நேர்ந்தது. படியெடுத்தல் சோம்பலுக்குரிய வேலையன்று.

சிறு கருவிக்கு வேறொரு நன்மையும் உண்டு. பெரிய கேமராவைக் கண்டதும் முதியோர் நிமிர்ந்து உட்கார்ந்து பேச்சை நிறுத்திவிடுவர். ஆயினும் சிறியது என்பதற்காகக் கேளாமல் எடுத்தல் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறரை இசைவின்றிப் படமெடுத்து அவர்தம் அந்தரங்கத்தில் நுழைதல் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. அங்கே வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருத்தல் நலம். படமெடுத்தலே வேண்டா என்னும் பெரியோரும் நம் ஊரில் உளர். அவர்களோடு வழக்காடுதல் நம் நோக்கமன்று. ஆயினும் கடவுச்சீட்டுக்கென வேண்டாவெறுப்பாக எடுத்துக்கொண்ட அப்படமே அவர்கள் தந்தையரின் எஞ்சிய ஒரே முகமாக இருப்பதை அவர்களும் அறிவர்.

திருமணப் படம் எடுப்போருக்கும், இக்கலையை முறையாகக் கற்றோருக்கும் நாம் கூறியது பொருந்தாது. அவர்கள் தத்தம் கருவியைக் கொண்டு செல்லட்டும். நாம் சொல்வது, முன்னோர் சென்ற இடத்தைத் தேடிச் செல்வோருக்கே.

அவர்களுக்குச் செய்முறை பற்றியும் சில சொல்லவேண்டும். சட்டமிட்ட படத்தை எடுக்கும்போது மின்வெட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும். சன்னலுக்கு நேரெதிரே நின்றால் நம் நிழலே கண்ணாடியில் விழும். வீட்டார் இசைந்தால் சட்டத்தைப் பிரித்துப் பின்புறத்தையும் எடுத்தல் வேண்டும். படப்பிடிப்பு நிலையத்தின் முத்திரையும் சிலவேளை பெயரும் ஆண்டும் அங்கேதான் இருக்கும். தேய்ந்த கல்லெழுத்துகளைக் காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் நண்பகலில் மறைந்திருந்தவை புலப்படும். கேமராவோடு ஒரு குறிப்பேடு வேண்டும். படத்தில் இடமிருந்து வலமாக யார் யார் என்பதை வீட்டார் சொல்லச் சொல்ல அவ்விடத்திலேயே எழுதுதல் வேண்டும். திரும்பி வந்து எழுதிக்கொள்ளலாம் என்றால் எழுதப்படாது.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் பாட்டனாரும் சைகோனில் இருந்தவர். அவர் பெட்டியில் இருந்த படமொன்று நம்மிடம் உள்ளது. கடையொன்றின் முன் ஏழு பேர் நிற்கின்றனர். பாட்டனார் வலக்கோடியில் நிற்கிறார். மற்ற அறுவர் யாவர் என்பதை நம் வாப்பா அறிந்திருந்தார், நாம் கேட்கவில்லை. எழுத்தாணியோடும் ஏட்டோடும் வாழ்ந்த புலவர் வரலாறுகளை வகுப்பில் மணிக்கணக்காய் விரித்துரைத்த நமக்கு, வீட்டிலிருந்த ஒருவரிடம் ஆறு பெயர் கேட்டு எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை. வாப்பா மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆயின. படத்தின் பின்புறம் வெறுமையாக உள்ளது.

மாணவர் கேமரா வாங்கவில்லை. மீந்த பணத்தில் பயணத்தை மேலும் நான்கு நாள் நீட்டித்துள்ளார். ஊர் திரும்பியதும் சிறந்தவற்றைத் தாளில் அச்சிட ஒரு பகுதியை ஒதுக்கியும் வைத்துள்ளார். நம் பாட்டனார் படத்தின் நகலொன்றையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறோம். கடையின் பெயர்ப்பலகையில் பிரெஞ்சு எழுத்துகள் மூன்று மட்டும் தெரிகின்றன. டோங் டு பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வரும் முதியவர் எவரேனும் அதைப் பார்க்கக்கூடும்.