அப்பா விற்ற பாட்டுகள்

போன வாரம் பேரன் காரில் 'பீச் பாய்ஸ்' பாட்டுப் போட்டான். ஐந்து குரல், கேட்டால் ஒரே குரல் மாதிரி இருக்கிறது. ஐந்து பையன்களைச் சேர்ந்தாற்போல் வாய்ப்பாடு சொல்ல வைக்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

1961இல் கலிஃபோர்னியாவில் ஹாத்தார்ன் என்ற ஊரில் தொடங்கிய குழு. பிரையன், டென்னிஸ், கார்ல் என்று வில்சன் சகோதரர்கள் மூவர், அவர்களின் அத்தை மகன் மைக் லவ், நண்பர் அல் ஜார்டின். கடல் அலையில் சறுக்குவது பற்றிப் பாடியே புகழ் பெற்றார்கள். ஆனால் நிஜமாகவே சறுக்கியவர் டென்னிஸ் ஒருவர்தான். குரல்களை அடுக்கியது பிரையன். அவருக்கு வலது காது அநேகமாகக் கேட்காமலே இருந்தது.

பீட்டில்ஸ் வந்ததும் போதையும்தான் இவர்களைச் சாய்த்தது என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் என் கருத்தில் விரிசல் வீட்டிலேயே இருந்தது. அப்பா மரி வில்சன்தான் முதல் மேலாளர். அவர் அலைந்திராவிட்டால் குழு வெளியே தெரிந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்திலும் அதட்டல்தான். 1964இல் பிள்ளைகளே அவரை விலக்கினார்கள்.

1966இல் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை இன்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அன்று அமெரிக்காவில் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அடுத்த 'ஸ்மைல்' 1967இல் பாதியில் நின்றது. பிரையன் ஒதுங்கத் தொடங்கினார். 1969இல் அப்பா என்ன செய்தார் தெரியுமா? மகன் எழுதிய பாடல்களின் உரிமையை 7 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். இனி இதற்கு விலை இருக்காது என்று கணக்குப் போட்டார். 1974இல் அதே பழைய பாட்டுகளைத் தொகுத்து 'எண்ட்லெஸ் சம்மர்' வந்தது. அமெரிக்காவில் முதலிடம்! பார்க்க அவர் இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

பாதியில் விட்ட 'ஸ்மைலை' பிரையன் 2004இல் வேறு குழுவோடு பாடி முடித்தார். தம்பிகள் இருவரும் அப்போது உயிரோடு இல்லை.

அந்த அப்பாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பையன், கணக்கில் தொடர்ந்து பெயில். "இவனுக்குப் படிப்பு ஏறாதுங்க, கடையில சேர்த்துவிடுங்க" என்று அவன் அப்பாவிடம் சொன்னது நான்தான். மறுவாரமே அவன் இடம் காலி. நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவ்வளவு அழகாகப் படம் வரைவான். முகநூலில் அவன் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன்.