ஊசியா எமன்? பதில் சொல்ல 6 மாதமா?

"தடுப்பூசி போட்டா நெஞ்சு அடைக்குமாமே!" மின்சார ரெயிலிலும் டீக்கடையிலும் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

சென்னையில் இதற்குத் தூபம் போட்டது ஒரு துயரச் சம்பவம். 2021 ஏப்ரல் 15-ந்தேதி நடிகர் விவேக், ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 'கோவாக்சின்' ஊசி போட்டுக்கொண்டார். எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று வேண்டுகோளும் விடுத்தார். மறுநாள் மாரடைப்பு! 17-ந்தேதி அதிகாலை உயிர் பிரிந்தது. வயது 59.

"ஊசிதான் கொன்னுடிச்சு" என்று பேச்சு கிளம்பியது. போட வந்தவர்களும் தயங்கினார்கள்.

அடைப்பு எப்படி?

டாக்டர்கள் சொன்னது என்ன? இதயத்தின் இடது பக்க ரத்தக்குழாயில் 100 சதவீத அடைப்பு. குழாயில் கொழுப்பு ஒரே நாளில் படியாது, ஆண்டுக்கணக்கில் படிவது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கை மீது வழக்குப் போடலாமா?

அதற்காக, "ஊசியால் ஒன்றுமே வராது" என்று அடித்துப் பேசுவதும் தப்பு. 'பைசர்', 'மாடர்னா' ஊசி போட்ட சிலருக்கு இதயத் தசையில் வீக்கம் வந்தது உண்மை. பெரும்பாலும் வாலிபர்கள். அதுவும் இரண்டாவது ஊசிக்குப் பிறகு, சில நாட்களில். அபூர்வம்தான், பெரும்பாலோர் குணமடைந்தனர். அமெரிக்காவில் இதை மறைக்கவில்லை. 2021 ஜூனிலேயே மருந்துக் குறிப்பில் எச்சரிக்கை சேர்த்தார்கள். இந்திய முகாம்களில் போட்டவை இந்த ஊசிகள் அல்ல. 'கோவிஷீல்டு' வகை ஊசியால் வெகு அபூர்வமாக ரத்தம் உறைவதும் உண்டு.

இளைஞர்களின் திடீர் மரணம் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 47 மருத்துவமனைகளில் ஆராய்ந்தது. 2023-ல் முடிவு வந்தது. ஊசி ஆபத்தைக் கூட்டவில்லை. முன்பு கொரோனாவால் ஆஸ்பத்திரியில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம், மட்டுமீறிய குடி, கடும் உடலுழைப்பு ஆகியவற்றோடுதான் தொடர்பு தெரிந்தது.

கேள்வி இதுதான்

விவேக் மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று மத்திய அரசின் நிபுணர் குழு முடிவு சொன்னது. எப்போது? 2021 அக்டோபரில்! ஏப்ரலில் எழுந்த கேள்விக்கு அக்டோபரில் பதில். அதற்குள் வதந்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பிறகு வந்த பதில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

நாடறிந்த நடிகருக்கே 6 மாதம். கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கியவர் செத்திருந்தால் அவர் பெண்சாதிக்கு எப்போது பதில் கிடைக்கும்?

ஊசிக்குப் பின் மரணம் என்றால் உடனே விசாரிக்க வேண்டும். முடிவைக் குறிப்பிட்ட நாளுக்குள், தமிழில், எல்லோருக்கும் புரியும்படி வெளியிட வேண்டும். ஊசியால்தான் என்றால் மழுப்பாமல் நஷ்டஈடு தர வேண்டும். இல்லை என்றால் காரணத்தோடு இல்லை என்று சொல்ல வேண்டும்.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், நெஞ்சு வலித்தால் "வாயுப்பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்!